படகுப் பங்கு

திவாலான அருள்மணியின் விசைப்படகை நீதிமன்றம் வக்கீல் சிவநாதனிடம் ஒப்படைத்தபோதே ஞானசௌந்தரிக்கு நம்பிக்கை போய்விட்டது. நல்ல விலைக்கு விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரின் வேலை. விற்கிற பொருளை அவனே வாங்கக் கூடாது. பட்டினச்சேரிப் படகுகளுக்குக் கடனாக ஐஸ் கொடுத்துவந்த அவளுக்குத்தான் அருள்மணி வைத்த பாக்கி அதிகம். அது வராவிட்டால் ஐஸ் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

சிவநாதன் படகைப் பார்க்க வந்ததே மூக்கில் கைக்குட்டையோடு. மீன் நாற்றம் ஆகாதாம்; வீட்டுக்கு இலவசமாகப் போகும் வஞ்சிரம் மட்டும் மணக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைப் பழுது பார்க்கச் சொன்னதற்குச் செலவு என்று கைவிரித்தான். பிறகு அதையே 'பழைய கட்டை' என்று காட்டி, ஊரே கடலுக்குப் போயிருந்த நாளில் ஏலம் விட்டான். அடிமாட்டு விலைக்கு எடுத்தவன் அம்பகரத்தூர் சொக்கநாதன். சிவநாதனின் வயலைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவன், கடலில் கால் நனைத்தறியாதவன். அவன் பெயரில் வாங்கியது சிவநாதன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சாட்சிதான் இல்லை.

கைமாறிய படகின் முதல் மீனை உரிமையாளர் வீட்டு வாசலில் வைப்பது அந்த ஊர் வழக்கம். ஞானசௌந்தரி அந்தப் படகின் டிரைவர் முத்துக்குமரனிடம் பேசி, மீனைத் தருமபுரத்தில் சிவநாதன் வீட்டுக்கு எடுத்துப் போகச் செய்தாள். அவளும் பின்னாலேயே போய், கேட்டுக்கு வெளியே கைபேசியில் பதிவு செய்தபடி நின்றாள்.

கொடுவா மீனைப் பார்த்ததும் சிவநாதன் கைக்குட்டையை மறந்தான். ஆனாலும் வக்கீலாயிற்றே, சொக்கநாதன் வந்தால் கொடுத்துவிடுவதாகச் சொல்லி மீனை உள்ளே அனுப்பினான். அத்தோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பான்.

"அப்ப படகுப் பங்க அம்பகரத்தூர்லயே குடுத்துடுறோம் சார்," என்றான் முத்துக்குமரன்.

மீன் விற்ற காசில் படகின் சொந்தக்காரனுக்குப் போகும் பங்கு அது. சிவநாதன் முகம் மாறியது.

"அவன்கிட்ட எதுக்குய்யா குடுக்குற? தின்னு ஏப்பம் விட்டுருவான். போட்ட பணம் என்னுது. பங்கு இங்கதான் வரணும்."

திருடன்கூடக் கூட்டாளியை நம்புவான். இது அதற்கும் வக்கில்லாத பிறவி என்று நினைத்துக்கொண்டே ஞானசௌந்தரி கேட்டைத் திறந்தாள்.

"அந்த மீனும் கடன் குடுத்தவங்களுக்குச் சேர வேண்டியதுங்க சார். கொழம்பு வச்சிடாதீங்க."

நீதிமன்றம் அந்தப் பதிவைக் கேட்டு, விற்பனையை ரத்து செய்து வேறு ரிசீவரைப் போட்டது. ஆட்கள் கரையில் இருந்த நாளில் மறு ஏலம் நடந்தது. பாக்கி முழுதாக வராவிட்டாலும், ஐஸ் கம்பெனி ஓடும் அளவுக்கு வந்தது.

கொடுவா மட்டும் திரும்பவில்லை. அன்று மத்தியானமே சிவநாதன் தின்றுவிட்டானாம்.