ஏட்டையா பிடித்த ஆடு

எப்போதும்வென்றான் என்ற ஊரின் பக்கத்துக் கிராமங்களில் போலீஸ் ஏட்டு இசக்கிபாண்டிக்குப் பெரிய பெயர். ஆடு களவு போனால் பொழுது சாய்வதற்குள் திருடனைப் பிடித்துவிடுவார். அந்தப் பெயரோடுதான் கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்தார்.

அங்கே பஸ் ஸ்டாண்டு நெரிசலில், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வந்த பிரேமாவின் தாலிச் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இசக்கிபாண்டி கடை கடையாக விசாரித்தார். அங்கே யாருக்கும் யாரையும் தெரியவில்லை. மாதங்கள் ஓடின.

பிரேமா அவருடைய பழைய சரகத்துப் பெண். சங்கிலி கிடைத்ததா என்று கேட்க ஸ்டேஷனுக்கு வரும்போதெல்லாம், "எங்க மாமா ஆட்டை அன்னைக்கே புடிச்சுக் குடுத்தியளே ஏட்டையா. இதையும் நீங்க விட மாட்டிய" என்பாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடக்கும்.

ஒருநாள் அவரால் தாங்க முடியவில்லை.

"ஆட்டை நான் எங்க தாயி புடிச்சேன்? டீக்கடையில போய் உக்காந்தேன், ஊரே வந்து பேரைச் சொல்லிச்சு. இங்கன சொல்ல யாரு இருக்கா?"

பிரேமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பம், நீங்களா எதையும் கண்டுபிடிச்சதே இல்லையா ஏட்டையா?"

அவள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். அவள் போன பிறகும், பக்கத்து மேஜைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூசி, தொப்பியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.