அட்டையில் வராத மாத்திரை

இஞ்ஞாசி விசைப்படகு ஓட்டியவர். கை நடுங்கத் தொடங்கியதும் முதலாளி சுக்கானை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். பார்க்கின்சன் என்றார் டாக்டர். சட்டைப் பொத்தான் மாட்டுவதற்கும் மனைவி விஜிலா வரவேண்டியதாயிற்று.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தவரை ஓடியது. பிறகு போகும்போதெல்லாம் இருப்பு இல்லை என்றார்கள். மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு விஜிலா ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள்.

காப்பீட்டு கவுண்டரில் இருந்த அனுஜா பொறுமையாகத்தான் சொன்னாள். "இது பெட்ல சேத்துப் பாக்குத வைத்தியத்துக்குக்கா. ஆபரேஷன், எலும்பு முறிவு, அந்த மாதிரி. வீட்ல இருந்து தெனம் முழுங்குத மாத்திரை இதுல வராது."

"மூளைல ஏதோ ஆபரேஷன் இருக்குன்னு சொல்லுதாங்களே?"

"டாக்டர் எழுதித் தந்தா கேட்டுப் பாக்கலாம்."

டாக்டர் எழுதவில்லை. வீட்டில் இல்லாத ஆட்களெல்லாம் இஞ்ஞாசியின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தார்கள். இந்த நிலையில் அறுவை செய்தால் புத்தி இன்னும் குழம்பிவிடும் என்றார்.

கேட்டதையெல்லாம் விஜிலா வீட்டில் வந்து சொன்னாள். இஞ்ஞாசி கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வெளியில் காசு கொடுத்து வாங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். காலையில் அவர் மரக்கட்டைபோலக் கிடப்பார். புரட்டிவிடக்கூட ஆள் வேண்டும்.

ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதே மருத்துவமனை, அதே அட்டை. இம்முறை எல்லாம் அட்டையிலேயே முடிந்தது. அறுவை செய்து கம்பி வைத்தார்கள். நர்ஸ் வேளை தவறாமல் முழு மாத்திரை கொடுத்தாள். கை அடங்கியது. சாய்ந்து உட்கார்ந்து தானே கஞ்சியைக் கரண்டியால் அள்ளிக் குடித்தார். அதைப் பார்க்க முடியாமல் விஜிலா வராண்டாவுக்குப் போய் அழுதாள்.

"கொஞ்ச நாளைக்கு மாத்திரை குடுத்திருக்காங்கக்கா. அப்புறம் நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று அனுப்பிவைத்தாள் அனுஜா.

திரும்பும் வழியில், ஆட்டோவில் விஜிலா கேட்டாள். "வழுக்கித்தான விழுந்தீங்க?"

இஞ்ஞாசி ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "சன்னல் கம்பியப் புடிச்சுத்தான் நின்னேன். நாந்தான் விட்டேன்."

"சேசுவே! எதுக்கு?"

"ஏளா, பெட்ல சேத்தாத்தான் மாத்திரைன்னு நீதான சொன்ன."

"செத்துப் போயிருந்தா?"

"அதுவும் நல்லதுன்னுதான் நெனச்சேன்."

விஜிலா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எலும்பு சேர்ந்தது, நடை திரும்பவில்லை. கொடுத்துவிட்ட மாத்திரையும் தீர்ந்தது. மறுபடி பாதிதான். கட்டிலின் இருபக்கமும் அவள் பழைய வலைக்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள், அவர் இனி விழ முடியாதபடி.

"கயித்த அவுத்து விடுளா" என்று சில நேரம் குழறலாகக் கேட்பார்.

அவள் காதில் விழாததுபோல அடுப்படிக்குப் போய்விடுவாள்.