சாவுக்கு விட்ட லீவு

விடிகாலையில் கண்மூடிய மாமனாரைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு வந்த ருக்மணி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பள்ளிக்கூடத்தில் ஒரு சத்தத்தையும் காணோம்.

பெரியவருக்கு மரியாதையாக லீவு விடச் சொல்லிவிட்டதாகக் கணவர் அஜிததாஸ் சொன்னார்.

அட பாவி மனுஷா என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடமே மாமனார் தர்மநாதனின் மல்லாட்டைக் கிடங்கில் பிறந்ததுதானே. பையன்களைக் காலேஜ் வாசல்வரை கொண்டுபோய் விடுகிற பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று கிறிஸ்தவ வேதக்கோயில் சாமியார் சைக்கிளில் இடம் தேடி அலைந்த காலம். சமணரான தர்மநாதன் வேர்க்கடலை மூட்டைகளை ஓரம் தள்ளி இடம் கொடுத்தார். பையன்கள் மூட்டைமேல் உட்கார்ந்து அல்ஜீப்ரா படித்தார்கள், மூட்டையை ஓட்டை போட்டு மல்லாட்டையும் தின்றார்கள். தர்மநாதனோ, கணக்கு ஏறாவிட்டால் என்ன, வயிறு ரொம்புதே என்று சிரிப்பாராம். பிறகு கிடங்குக்குப் பக்கத்துக் கொல்லையில் கட்டடம் எழும்பியது. அறுபத்திரண்டில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. செட்டு மதராஸ் காலேஜுக்கு பஸ் ஏறியபோது மனுஷன் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

படுக்கையில் விழுந்தபின் பள்ளிக்கூடத்தைப் பார்த்த ஜன்னலைச் சாத்தவே விடமாட்டார். போன வாரம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் போற அன்னிக்கு லீவு கீவு உட்டுடப் போறாங்க. பசங்க கத்தணும், ருக்கு. நீ பாத்துக்க."

எண்பது தாண்டிய கல்யாணச் சாவுதான். ஆனாலும் சாவு வீட்டு மருமகள் படி இறங்கிப் போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினாள்.

உள்ளூர்ப் பையன்கள் போய்விட்டிருந்தார்கள். போர்டிங் பையன்கள் வராந்தாவில் வாய் பொத்தி உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். துக்க வீட்டுக்கு எதிரில் கூத்தடித்தால் அவள் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே என்றார்.

"அது என் பாடு சாமி. மாமா எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. நீங்க விளையாட்டு மணி அடிங்க."

சாமியார் தானே போய் அடித்தார். பையன்கள் முதலில் நம்பவில்லை. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு கூச்சல். காலையிலிருந்து வராத அழுகை ருக்மணிக்கு அப்போதுதான் வந்தது. சந்தோஷமாகவே அழுதாள்.

பொழுது சாயுமுன் எடுத்தார்கள். அஜிததாஸ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை, முகம் கடுகடுவென்றிருந்தது. ருக்மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடச் சுவரோரம் போகும்போது ஒரு பந்து எகிறி வந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே கூச்சல் பொசுக்கென்று நின்றது.

அஜிததாஸ் பந்தைப் பார்த்தார். திரும்பிப் பாடையைப் பார்த்தார். கொள்ளிச்சட்டியை ஒருபக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு விட்டார் ஒரு உதை. பந்து சுவருக்கு மேலே ஏறி உள்ளே போய் விழுந்தது.