நாற்பது நிமிடக் குரல்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த சர்வீஸ் கம்பெனி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எதற்கு நோவு வந்தாலும் ஜனங்கள் அங்கேதான் ஃபோன் செய்வார்கள். செய்தால் முதலில் கேட்பது பியாட்ரிஸின் குரல். பதினோரு வருஷமாக அவள்தான் டெலிஃபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. தமிழில் ஒரு வணக்கம், கன்னடத்தில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, எதிர்முனை எந்த மொழியில் வாய் திறக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வாள். புகார் என்றால் லைனை வீணாவின் மேஜைக்குத் திருப்பிவிடுவாள். வீணா விவரம் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு புகார் எண் கொடுப்பாள்.

இரண்டாயிரத்து இரண்டு பொங்கல் கழிந்ததும் மேனேஜர் ஸ்ரீகண்டன் ஒரு சேதி சொன்னார். தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது. புகாருக்கு ஒன்றை அழுத்து, விலைக்கு இரண்டை அழுத்து என்று மெஷினே பேசிவிடும். அழைப்பு நேராகப் புகார் மேஜைக்குப் போய்விடும். அந்த மேஜைக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆபரேட்டர் வேண்டாம்.

ஸ்ரீகண்டன் நல்ல மனிதர். சங்கடமே அதில்தான் இருந்தது.

"உன்னை யாரும் போகச் சொல்லலம்மா. ரிசெப்ஷன்ல ஒரு நாற்காலி போட்டுடறேன். சம்பளம் அதேதான். நிம்மதியா ஒக்காரு."

"ஒக்காந்து என்ன சார் பண்றது?"

"வரவங்களுக்கு நமஸ்காரம் சொல்லு."

"கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல ஜவுளிக்கடை வாசல்ல கை கூப்பிக்கிட்டு ஒரு பொம்மை நிக்குமாமே, அது மாதிரியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் சத்தம் கேட்டது. பதில் தெரியாதபோது அவர் செய்கிற வேலை அது. அந்த இடைவெளியில் பியாட்ரிஸ் தன் கோரிக்கையை வைத்தாள். புகார் மேஜையின் இரண்டாவது நாற்காலி தனக்கு வேண்டும். ஆறு மாதமாக ஆபீஸ் விட்டதும் பார்வையற்றோருக்கான ஒரு நிலையத்தில் கம்ப்யூட்டர் படித்துவருகிறாள். ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும்.

"விலை?"

சொன்னாள்.

"ஏம்மா, அந்தக் காசுக்கு ஒன்றரை கம்ப்யூட்டர் வாங்கலாமே!"

"பரீட்சை பண்ணிப் பாக்க ஒண்ணு சும்மாவே குடுக்கறாங்க சார். நாப்பது நிமிஷம் பேசும். அப்புறம் ஊமையாயிடும். கம்ப்யூட்டரை அணைச்சு மறுபடி போட்டா இன்னொரு நாப்பது நிமிஷம். கிளாஸ்ல எல்லாரும் அதை வெச்சுதான் படிக்கறோம்."

ஸ்ரீகண்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, பத்திலிருந்து பதினொன்று வரை, அவள் புகார் மேஜையில் உட்காரட்டும். நிஜமான அழைப்புகள். எந்த வாடிக்கையாளரையும் காக்கவைக்கக் கூடாது, ஃபோனை வைக்கும் முன்னால் புகார் எண் சொல்லியாக வேண்டும். முடிந்தால் அந்த நாற்காலி அவளுக்கு. முடியாவிட்டால் ரிசெப்ஷன்.

முதல் நாளே முட்டியது. புகார் ஏற்றும் ப்ரோக்ராமைத் திறந்தால் ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்த பட்டன் என்று சொல்லவில்லை. கட்டங்களிலும் அதே கதை. பெயர் எழுதும் கட்டமும் தெரு எழுதும் கட்டமும் அதற்கு ஒன்றுதான். ப்ரோக்ராமை எழுதியவன் நாகேஷ். கிருஷ்ணகிரிக்காரன், முப்பது வயது, ஒப்பந்தத்தில் வந்து போகிறவன்.

"எல்லாம் பளிச்சுனு தெரியுதே மேடம். நீலக் கலர்ல பட்டன், பக்கத்துலயே படம்கூடப் போட்டிருக்கேன்."

"அந்தப் படத்துக்கு வாய் இருக்கா நாகேஷ்? ஒண்ணு பண்ணுங்க. மவுசைப் பிடுங்குங்க. ஸ்கிரீனை அணைங்க. இப்ப ஒரு புகார் ஏத்துங்க பாக்கலாம்."

நாகேஷ் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். இரண்டு நிமிடத்தில் சிரிப்பு நின்றது. அடுத்த கட்டத்துக்குப் போக டேப் விசையைத் தட்டினால் அவன் எழுதிய ப்ரோக்ராம் பெயரிலிருந்து தேதிக்குத் தாவியது, தேதியிலிருந்து எங்கோ போனது.

"அண்ணா, மூணு தடவ அழிச்சுட்டீங்க," என்றாள் பக்கத்தில் இருந்த வீணா. "நல்லவேளை, நிஜப் புகார் இல்ல."

"நான் கட்டின வீட்டுல எனக்கே வாசல் தெரியல மேடம்," என்று எழுந்தான் நாகேஷ்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்தான். டேப் தட்டினால் வரிசையாகப் போகும்படி செய்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் கீபோர்டில் ஒரு குறுக்கு விசை. மதியச் சாப்பாட்டு வேளையில் பியாட்ரிஸ் பழகினாள். ரிசீவரை இடது தோளில் இடுக்கி இடது காதுக்கு ஆள், இயர்ஃபோனைச் செருகி வலது காதுக்கு மெஷின். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒருநாள் வீணா இயர்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டுப் பதறிப்போனாள்.

"என்னக்கா இது, எண்ணெய்ச் சட்டில கடுகு போட்ட மாதிரி! ஒரு வார்த்த புரியல!"

"உனக்குப் புரிஞ்சா ஸ்பீடு பத்தலன்னு அர்த்தம்."

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே நாகேஷ் வந்துவிட்டான். அவனுக்கு விடுமுறை நாள், வர வேண்டிய அவசியமில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, இயர்ஃபோனில் சத்தம் வருகிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தான். மேடம் வந்ததும் உட்கார்ந்தால் போதும் என்று அப்படியே விட்டுவைத்தான். திரையை மட்டும், அவள் வழக்கப்படி, அணைத்துவைத்தான்.

பியாட்ரிஸ் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து உட்கார்ந்தாள். தொட்டதும் மெஷின் பேசியது. ஸ்ரீகண்டன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பின்னால் அமர்ந்தார்.

"ஏம்மா, ஸ்கிரீன் இருட்டா இருக்கே?"

"எனக்கு எதுக்கு சார் வெளிச்சம்? வேணும்னா போட்டுக்கோங்க."

அவர் கூச்சப்பட்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார்.

முதல் அழைப்பு ஃப்ரேசர் டவுனிலிருந்து, ஒரு வாஷிங் மெஷின். இரண்டாவது ஒரு கிரைண்டர். இரண்டுக்கும் எண் கொடுத்து ஃபோனை வைத்தாள். பின்னால் ஸ்ரீகண்டன் "ம்" என்றார். மூன்றாவது அழைப்பு வந்தபோது மணி பத்தாகி எட்டு நிமிடம்.

"ஹலோ, இன்னாம்மா, மெஷின் பேசுதா மனுஷி பேசுதா?"

"மனுஷிதாங்க. சொல்லுங்க."

"அம்புஜம் பேசறேன், ஸ்ரீராம்புரத்துலேந்து. ஃப்ரிட்ஜ் ஒழுவுது. போன வாரம் ஒருத்தன் வந்தான், பாத்தான், டீ குடிச்சான், பூட்டான். ஒழுவுறது ஒழுவிக்கினேதான் கீது. நான் மாவு விக்கிறவ. ஃப்ரிட்ஜ் நின்னா மாவு புளிச்சுப் பூடும், யாரு வாங்குவா?"

பேசப் பேச பியாட்ரிஸின் விரல்கள் ஓடின. பெயர், டேப். ஃபோன் நம்பர், டேப். கதவு எண், தெரு. மறுபடி டேப். வலது காதில் ஒன்றும் வரவில்லை.

இன்னொரு முறை ஒரு விசையைத் தொட்டாள். சத்தமில்லை. ஒயர் கழன்றிருக்குமோ என்று கழுத்தருகே தடவினாள், செருகித்தான் இருந்தது. அப்போது அவளுக்கு உறைத்தது. தான் வந்தபோது மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒன்பதரைக்குப் போட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் தீர்ந்துவிட்டது.

நாகேஷுக்கும் அது அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும். "ஐயோ," என்று மெல்ல ஒரு சத்தம் பக்கவாட்டில் கேட்டது.

அணைத்துப் போட நாலு நிமிடம் ஆகும். அம்புஜத்தை லைனில் நிறுத்தினால் போட்ட நிபந்தனை போச்சு. வீணாவுக்கு லைனைத் திருப்பினாலும் போச்சு. பியாட்ரிஸ் இயர்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எந்தப் பக்கமா ஒழுகுதுங்க? மேலயா, கீழயா?"

"கீழதாம்மா. காலங்காத்தால துணி போட்டுத் தொடைக்கிறதே பொழப்பாப் போச்சு."

அடுத்த கட்டம் ஏரியா. அது எழுதுகிற கட்டம் இல்லை, பட்டியலிலிருந்து பொறுக்குகிற கட்டம். ஆங்கில எழுத்து எஸ்ஸைத் தட்டத் தட்ட அந்த எழுத்தில் தொடங்கும் ஏரியாக்கள் ஒவ்வொன்றாக வரும். முதல் தட்டுக்கு சதாசிவநகர், இரண்டாவதுக்கு சிவாஜிநகர், மூன்றாவதுக்கு ஸ்ரீராம்புரம். பதினைந்து நாளாக விரலுக்குத் தெரிந்த கணக்கு. மூன்று தட்டுத் தட்டினாள். டேப். ஃப்ரிட்ஜ் என்று பொறுக்கினாள். டேப். கீழே தண்ணீர் ஒழுகுகிறது, போன வாரம் வந்தவர் சரிசெய்யவில்லை, மாவு வியாபாரம், அவசரம் என்று எழுதினாள். குறுக்கு விசையை அழுத்திச் சேமித்தாள்.

இப்போது திரையில் ஒரு எண் வந்திருக்கும். அதை எடுக்க அவளிடம் வழியில்லை.

"ஒரு செகண்டுங்க, நம்பர் சொல்றேன்," என்று ரிசீவரைக் கையால் பொத்தினாள். "சார், ஸ்கிரீனைப் போட்டு அந்த நம்பரைப் படிங்க."

"நானா?"

"நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. ஸ்ரீகண்டன் திரையின் சுவிட்சைத் தேடி முதலில் அடியில் தடவினார், பிறகு பின்னால் தடவினார். "கீழ வலது பக்கம் சார்," என்றாள் பியாட்ரிஸ். திரை உயிர்பெற்றது. அவர் படித்தார், அவள் அம்புஜத்துக்குச் சொன்னாள், அம்புஜம் எதிலோ எழுதிக்கொண்டு, "இந்தத் தபா டீ கெடயாது, வேலய முடிச்சாத்தான் டீ," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வீணா அடுத்த அழைப்பைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். நாகேஷ் முன்னால் வந்து நின்றான்.

"சார், தப்பு என்னுது. காலைல டெஸ்ட் பண்ணப் போட்டேன், அணைக்கல. டயம் ஓடும்னு தோணவே இல்ல."

ஸ்ரீகண்டன் அவனைக் கவனிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சத்தமே இல்லாமதான் இவ்ளோவும் அடிச்சியா?"

"ஆமா சார்."

"அப்புறம் என்னத்துக்கும்மா ஒன்றரை கம்ப்யூட்டர் காசு? சாஃப்ட்வேரே வேணாமே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரலில் பாதி நிஜமும் இருந்தது பியாட்ரிஸுக்குக் கேட்டது. நாற்காலி கிடைத்து, சாஃப்ட்வேர் கிடைக்காமல் போனால் அது ரிசெப்ஷனைவிட மோசம்.

"அடிச்சது எல்லாம் சரியா இருக்கான்னு முதல்ல படிச்சுப் பாருங்க சார்."

அவர் படித்தார். "அம்புஜம். நம்பர். தெரு... ஏரியா சிவாஜிநகர்."

"சிவாஜிநகரா? ஸ்ரீராம்புரம்ல சார் அவங்க!"

"இங்க சிவாஜிநகர்னுதான் இருக்கு."

"அக்கா," என்றாள் வீணா ரிசீவரைப் பொத்திக்கொண்டு, தயங்கித் தயங்கி. "நேத்து சாயங்காலம் நான்தான் நாகேஷ் அண்ணாகிட்ட லிஸ்ட்ல சாந்திநகரைச் சேர்க்கச் சொன்னேன்."

சதாசிவநகருக்கும் சிவாஜிநகருக்கும் நடுவில் சாந்திநகர் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று தட்டு இப்போது ஒரு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது.

பியாட்ரிஸ் ஸ்ரீகண்டன் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா சார்? குரல் இருந்திருந்தா அந்த இடத்துலயே காதுல விழுந்திருக்கும், இன்னொரு தட்டு தட்டியிருப்பேன். குரல் இல்லன்னா நான் கணக்குப் போட்டுத்தான் நடக்கணும். நேத்து வரைக்கும் சரியா இருந்த கணக்கு இன்னிக்குத் தப்பு. மெக்கானிக் சிவாஜிநகர் பூராவும் அந்தத் தெருவைத் தேடிட்டு இருப்பான், இந்தம்மா மாவு புளிச்சுப் போயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அதோட நம்பர் படிக்க தினமும் நீங்க வந்து பக்கத்துல ஒக்காருவீங்களா?"

வீணா சிரித்துவிட்டாள். ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுப்பா நாகேஷ்," என்றார். "இன்னும் முக்கால் மணி இருக்கு."

நாலு நிமிடத்தில் வலது காதில் கடுகு மறுபடி பொரிய ஆரம்பித்தது. பியாட்ரிஸ் முதலில் அம்புஜத்தின் புகாரைத் திறந்து ஸ்ரீராம்புரம் என்று திருத்தினாள். அதன் பிறகு பதினொன்று வரை வந்தவை ஒன்பது அழைப்புகள். ஒன்றில் ஒரு பெரியவர் கன்னடத்தில் தொடங்கி, தமிழுக்கு வந்து, கடைசியில் இந்தியில் திட்டினார். மூன்று மொழியிலும் அவருக்குப் பதில் கிடைத்தது. எண் வாங்காமல் யாரும் ஃபோனை வைக்கவில்லை. ஒன்பதாவது எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் குரல் மறுபடி நின்றது, நாகேஷ் உடனே அணைத்துப் போட்டான். பின்னால் இருந்த ஸ்ரீகண்டன் பத்தரைக்கு மேல் எப்போதோ எழுந்து போயிருந்தார். அவர் போனதை அவள் கவனிக்கவே இல்லை.

பதினொன்றே காலுக்குத் திரும்பி வந்தார். ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"கொள்முதல் விண்ணப்பம். கையெழுத்துப் போட்டுட்டேன். ஃபாரத்துல ஏன் வேணும்னு காரணம் கேட்டு ஒரு கட்டம் வெச்சிருக்காங்க. அதுல என்ன எழுதறதுன்னு எனக்கு வரல. நீயே சொல்லு, வீணா எழுதட்டும்."

"என்ன சார், சாந்திநகர்னு எழுதட்டுமா?" என்றாள் வீணா.

"வாயை மூடு," என்றார் ஸ்ரீகண்டன், சிரித்துக்கொண்டே.

பியாட்ரிஸ் யோசித்தாள். உரிமை, முன்னேற்றம் என்று நிலையத்தில் அடிக்கடி சொல்லும் வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. அவை எதுவும் இந்த மேஜைக்கு ஒட்டவில்லை.

"புகார் மேஜையில் இரண்டாவது ஆள் வேலை செய்ய. அவ்ளோதான், எழுது."

வீணா எழுதினாள். அதற்குள் ஃபோன் அடித்தது. சனிக்கிழமை துவைக்கிற நாள், பதினொன்றரை வரை வாஷிங் மெஷின்கள்தான் அதிகம் நிற்கும். பரீட்சை நேரம் முடிந்து கால் மணிக்கு மேல் ஆகியிருந்தது. பியாட்ரிஸ் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெயர் கட்டத்துக்கு வந்து கீபோர்டில் விரலை வைத்தாள்.