ராணியின் கடைசிக் கதவுகள்

அந்தக் காருக்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. தொழிற்சாலைக்குள் எல்லாருக்கும் அது ராணிதான். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. அதை வாங்குகிறவன் பணக்காரனாக இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் கிறுக்கனாகவும் இருக்க வேண்டும். கிறுக்கர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். கம்பெனியோ நஷ்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. யானையைக் கட்டித் தீனி போட்டது போதும் என்று மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். இனி குட்டிக் கார்கள்தான். அந்தக் குட்டிகளுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் எலி.

கீழே வேலை செய்கிறவர்களில் இந்த முடிவு முதலில் தெரிந்தது ராணி லைனின் ஃபோர்மேனுக்கு. டைரக்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். கையில் இருக்கும் ஆர்டர்களை முடித்ததும் ராணி லைனை மூடிவிடுவார்களாம். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம், விட்டால் ஆட்களுக்கு வேலையில் மனம் நிற்காதாம். ஃபோர்மேனுக்கு மட்டும் எலி லைனில் இடம் தயாராம். ஃபோர்மேன் தலையாட்டினார். தலையாட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆட்டி ஆட்டித்தான் அவர் ஃபோர்மேன் ஆனதே.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எலி லைனுக்கு வர விரும்புகிறவர்கள் மாத முடிவுக்குள் பெயர் கொடுக்கலாம், கொடுத்தவர்கள் உடனே பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. ராணியை நிறுத்தப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்துவிட்டு ஃபோர்மேனிடம் யோசனை கேட்க வந்தது, வேறு யாருமில்லை, அவருடைய சகலை.

அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தார்கள். அக்காள் புருஷன் ஃபோர்மேன், தங்கை புருஷன் அவருக்குக் கீழே கதவு மாட்டுகிறவர். ராணிக்குக் கதவு மாட்டுவது என்பது நாலு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போகிற வேலை அல்ல. கதவைத் தொங்கவிட்டு, இடுக்கில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து, ஒரு மரக்கட்டையைக் கீல் பக்கம் செருகித் தோளால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். தள்ளு குறைந்தால் வண்டி வேகமெடுக்கும்போது காற்று விசிலடிக்கும், கூடினால் கதவு போச்சு. சகலை தள்ளிச் சாத்தினால் பெட்டிமூடி மாதிரி அடங்கி உட்காரும்.

"அண்ணே, நானும் பேரு குடுத்துடவா?" என்று சகலை கேட்டார்.

"எலிக்குப் போய்க் கதவு மாட்டப் போறியா? அங்க எல்லாம் மெஷின் மாட்டிடும், நீ பக்கத்துல நின்னு கொட்டாவிதான் விடணும். அவசரப்படாதே. இன்னொரு தடவை கூப்பிடுவாங்க, அப்பப் பாத்துக்கலாம்" என்றார் ஃபோர்மேன்.

இன்னொரு தடவை என்று ஒன்று கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சகலைமேல் அவருக்கு ஒரு பகையும் இல்லை. சகலை பயிற்சிக்குப் போய்விட்டால் கடைசி ராணிகளுக்கு யார் கதவு மாட்டுவது என்ற ஒரே கவலைதான். கதவுக் கோளாறு என்று தன் லைனிலிருந்து போன ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தவர் அவர். மூடப் போகிற கடைக்கு நல்ல பெயர் எதற்கு என்று அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. ராணி லைன்காரர்களுக்கே உரிய வியாதி அது. கார் நன்றாக இருந்தால் போதும், மனுஷன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்று நினைத்துவிடுவார்கள்.

மாதம் முடிந்தது. சகலை பெயர் கொடுக்கவில்லை. கடைசி ராணிகள் ஒவ்வொன்றாக, விசில் இல்லாமல், போய்ச் சேர்ந்தன. அந்த நாட்களில் ஃபோர்மேனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவருக்கு அது குறுகுறுப்போடு நிற்காமல் நெஞ்செரிச்சலாகவே வந்து, மனைவி மருந்து வாங்கிக் கொடுத்தாள். மாடிப்படியில் சகலையின் செருப்புச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

ராணியை வழியனுப்புவதும் எலியை வரவேற்பதும் ஒரே விழாவில் நடந்தன. இரட்டைச் செலவு மிச்சம். டைரக்டர் துணியை இழுக்க, பச்சையும் மஞ்சளுமாக மூன்று எலிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. பிறகு ராணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, லைன் இன்றோடு மூடப்படுகிறது, புதிய லைனுக்குப் பெயர் கொடுக்காதவர்களுக்குக் கம்பெனி நன்றி கூறி விடைகொடுக்கிறது என்றார். கடைசியாகச் செய்த ராணியை வாசல் மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கப் போகிறார்களாம். கதவுகளைப் பூட்டிவிடுவார்களாம், யாரும் உள்ளே உட்காரப் போவதில்லையாம்.

இனிமேல் திறக்கவே திறக்காத இரண்டு கதவுகளுக்காக ஒருத்தன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டேனே என்று ஃபோர்மேனுக்கு அங்கேயே உறைத்தது. எதிர் வரிசையில் நின்ற சகலையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சகலைக்கு எலி லைனில் ஓர் இடம் கேட்டு நேராகப் பணியாளர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரி அம்மாள் பொறுமையாகத்தான் பேசினாள். இருந்த இடத்துக்கு மேலேயே ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள், ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். அப்படியானால் என் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார் ஃபோர்மேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி ஃபோர்மேன் வேலையைக் கொடுக்க முடியாது என்று அவள் சிரித்தாள். அவருக்கு 'அப்பாடா' என்றிருந்தது. அந்த 'அப்பாடா' மனசுக்குள் எழுந்ததைத் தன் காதாலேயே கேட்ட பிறகுதான், தான் எவ்வளவு கீழே இறங்கிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது.

சகலை லைனில் தனியாக இருந்தார். ரெஞ்சுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் எதிரே ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டைரக்டர் அறையில் குடித்த காபியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லிமுடித்தார்.

சகலை துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ண்ணே. ஸ்டோர்ல உங்களுக்குப் புது லைன் யூனிஃபார்முக்கு அளவெடுத்தாங்கல்ல, அன்னைக்கு நான் கையுறை வாங்க வந்திருந்தேன்."

"அப்ப மாசம் முடியலையே! ஏன் நீ பேரு குடுக்கல?"

"நீங்கதான் பொறுன்னீங்களே. எனக்கும் சேத்து ஏதோ ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் ஃபோர்மேன் தாங்கியிருப்பார். வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். சகலை முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார்.

"வேணாம்ண்ணே. வேலை போனது போகட்டும். அக்காவும் தங்கச்சியும் மொகம் பாக்காம ஒரே படிக்கட்டுல ஏறி எறங்கினா, பிள்ளைங்க யார்கிட்டப் போவும்? தேதிய மறந்துட்டேன்னு நான் சொல்லிக்கறேன். நான் மறதிக்காரன்னு அவளுக்குத்தான் தெரியுமே. நீங்க வாயத் தெறக்கக் கூடாது. இது ஒண்ணுதான் நான் உங்ககிட்டக் கேக்கறது."

வேலைக்கு உலை வைத்தவர், அவன் கேட்ட அந்த ஒன்றையும் எந்த முகத்தோடு மறுப்பார்? சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல இரண்டு குடும்பமும் கீழே ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தது. மச்சினிச்சி கண் சிவந்து வந்திருந்தாள். புருஷன் தட்டில் பரிமாறும்போது கரண்டியை ஓங்கி வைத்தாள். உலகத்தில் எவனாவது பிழைப்புக்குப் பெயர் கொடுக்கிற தேதியை மறப்பானா, கல்யாண நாளை மறந்தபோதே இந்த மனுஷனை நான் எடைபோட்டிருக்க வேண்டாமா என்று ஆரம்பித்தாள். அக்காள் அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தன் பங்குக்குச் சகலையைப் பார்த்து, நீங்கள் இவ்வளவு அலட்சியமாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை என்றாள். பிள்ளைகள் அப்பாவையும் பெரியப்பாவையும் மாறிமாறிப் பார்த்தன. சகலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் இருந்த இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

மச்சினிச்சி ஃபோர்மேன் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னா இவருக்கு ஏறாது அத்தான். நீங்க பெரியவங்க, கூடவே வேல பாத்தவங்க. நீங்களாவது நாலு வார்த்த நல்லா உறைக்கிற மாதிரி கேளுங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சகலையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சீக்கிரம் கேட்டு முடியுங்கள் என்ற அவசரம்தான் இருந்தது.

ஃபோர்மேன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"மனுஷனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேணும் தம்பி" என்றார். "உன்ன நம்பி ஒரு குடும்பம் இருக்கு."

சகலை தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான்ண்ணே" என்றார். "இனிமே இப்படி நடக்காது."