சீனாவுக்குப் போன சேலை

வெங்கடரமணன் சார் கரி பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் கரித்தூள். சண்டைக்காலம். பெட்ரோலுக்கு வழியில்லாமல் கரியை எரித்து ஓட்டிய பஸ் அது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்திலாவது ஆட்களை இறக்கித் தள்ளவைத்துவிடும். சாருக்கு சர்க்காரின் யுத்தப் பிரசார இலாகாவில் உத்தியோகம். நான் எங்கள் நெசவாளர் சங்கத்தின் காரியதரிசி. நூல் எப்போது வரும் என்று நாற்பது வீட்டுக்காரர்களும் வந்து திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அதற்குப் பெயர்தான் காரியதரிசி.

சார் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். நேச நாடுகளுக்குள் சிநேகம் வளர்ப்பதற்காக சர்க்கார் ஒரு மானியம் ஒதுக்கியிருக்கிறது. சீன தேசத்து உபாத்தியாயர்கள் சிலர் சுற்றுப்பயணம் வந்திருக்கிறார்கள். அவர்கள் நாளை மறுநாள் எங்கள் தெருவில் தறி ஓடுவதைப் பார்ப்பார்கள். அந்தத் தறியிலிருந்தே ஒரு சேலையை அறுத்து அவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். மானியத்தில் சங்கத்துக்கு ஆறு சிப்பம் நூல்.

சீனா என்றால் எங்களுக்குச் சீனச்சட்டியும் சீனவெடியும்தான் தெரியும். அந்த தேசத்தோடு நமக்கு என்ன சிநேகம் என்று நான் கேட்கவில்லை. ஆறு சிப்பம் என்றதுமே என் காது அடைத்துவிட்டது. ஏழு மாதமாகத் தெருவில் நூல் கிடையாது. ஆண்கள் திருச்சுழி ரோட்டில் ஜல்லி உடைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். கேப்பைக் கூழையும் ஒருவேளையாக்கியிருந்தோம்.

"ஓடுற தறி ஒண்ணு வேணும் சௌடையா. அது இல்லைன்னா புரோகிராமை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. நூலும் அங்கதான் போகும்" என்றார் சார்.

நெசவின் நீள இழைகளான பாவு பூட்டியிருந்த தறி தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது. அது என் அண்ணன் சென்னய்யாவின் தறி.

அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கைலிக்கட்டுகளோடு ரங்கூனுக்குப் போனவர். தறியில் பாதிச் சேலையை விட்டுவிட்டு, "பாவு அப்படியே இருக்கட்டும், தைக்குள்ள வந்து முடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தைக்குள் ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது. நடந்தே தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் ஒருவரும் அண்ணனைப் பார்க்கவில்லை. ஒருவர் பூட்டிய பாவை இன்னொருவர் நெய்து அறுப்பது எங்களில் கிடையாது. நெய்கிறவர் செத்துப்போனால்தான் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து மிச்சத்தை முடித்து அறுப்பார்கள். அந்தப் பாவு தறியில் நிற்கிறவரைக்கும் என் மதினி லிங்கம்மாளுக்கு அண்ணன் உயிரோடு இருந்தார். தினமும் காலையில் தறியின் தூசியைத் தட்டுவாள். பாவின் மேல் வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பாள்.

நான் போய் வாசலிலேயே நின்றேன். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கன்னடம். நான் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு. உங்க அண்ணன் செத்துட்டாகன்னு நீ சொல்லு, நான் அறுக்கேன்."

"நான் எப்படிச் சொல்லுவேன் மதினி?"

"பெறகு எதுக்கு வந்தே?"

திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பாலில்லாமல் அழுவது அவள் வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "நெய்யுறேன். குறுக்கிழைக்குன்னு அவுக வச்சிட்டுப்போன நூல் பெட்டியில இருக்கு. அவுக முடிக்கிறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருவேன். அறுக்க மட்டும் மாட்டேன். உங்க சார்கிட்டச் சொல்லிரு" என்றாள். நான் முதல் பாதியை மட்டும் சாரிடம் சொன்னேன். மிச்சத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காரியதரிசி புத்தி.

குறித்த நாளில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி பெண், நாற்பது வயதிருக்கும், காதோரம் நரைத்த தலை. தெருவெல்லாம் காகிதக் கொடி. நூலேற்றிய வண்டியைச் சார் சாமர்த்தியமாகத் தெருமுனையிலேயே நிறுத்தி வைத்திருந்தார். மதினி தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து நெய்தாள். இரண்டு ஆண்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். சீன அம்மா மட்டும் குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். சேலையில் அண்ணன் நெய்த பகுதி மங்கியிருந்தது. மதினி நெய்தது பளிச்சென்று இருந்தது. இரண்டும் சேருகிற இடத்தில் விரலை வைத்து, இங்கிலீஷில் ஒன்று கேட்டாள்.

"ஏன் ரெண்டு நிறமா இருக்குன்னு கேக்கறாங்க. வெயில் பட்டுதுன்னு சொல்லிடட்டுமா?" என்றார் சார்.

"இல்ல. உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் மதினி.

சார் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி அந்தக் கையை விடாமல், "ரங்கூன்லருந்து இவுக தேசத்துக்கு ரோடு இருக்காம்ல. சண்டையில தப்பிச்சு நம்ம ஆளுக யாரும் அந்தப் பக்கம் வந்தாகளா, கேளுங்க சார்" என்றாள்.

சார் கேட்டார். எட்டாவது வரைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான். அந்த அம்மா தலையை ஆட்டியதைப் பார்த்தேன். 'நோ' என்று இரண்டு தடவை சொன்னதைக் கேட்டேன். தன் ஊர் அந்த எல்லையிலிருந்து வெகு தூரம், அப்படி வந்த யாரையும் தான் பார்த்ததில்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். சார் ஒரு நிமிஷம் சேலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"நிறையப் பேர் வந்திருக்காங்களாம். அவங்க ஊர்லயே இருக்காங்களாம்" என்றார்.

மதினி என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன். இப்போது வாயைத் திறந்தால் தெருமுனையில் நிற்கும் வண்டி அப்படியே திரும்பிப் போய்விடும். 

"கத்தியை எடுத்துத் தா" என்றாள் அவள். கடைசி முழத்தை அவள் நெய்த வேகத்தைப் போல அந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. நெய்து முடித்து, தன் கையாலேயே பாவை அறுத்து, சேலையை மடித்து அந்த அம்மாவின் மடியில் வைத்தாள். "அவுக போட்ட பாவு. எங்கே பாத்தாலும் அவுகளுக்குத் தெரிஞ்சிரும். உங்க ஊர்ல இதைக் கட்டிக்கிட்டு வெளியே போங்கம்மா. பெட்டியில வச்சிராதீக."

சார் என் காதில் விழாமல் குனிந்து அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ, அந்த அம்மா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணீரோடு சிரித்தாள். வாசலில் கைதட்டினார்கள்.

அவர்கள் மோட்டார் புறப்பட்ட புழுதி அடங்குவதற்குள் தெருவில் ஒப்பாரி எழுந்தது. சென்னய்யாவின் பாவை அறுத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் பெண்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு பேர் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் பாலாமணிச் சின்னம்மா. தாலி வாங்கும் காரியத்துக்கெல்லாம் தெருவில் அவள்தான் முன்னால் நிற்பாள்.

"பாவை அறுத்தாச்சு. இனி ஆகவேண்டியதைப் பாக்கணும்லடி லிங்கம்மா" என்று மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மதினி அவள் கையை விலக்கினாள். "என்ன ஆகணும்? அவுக சீனாவுல இருக்காக. அந்தம்மா சொல்லுச்சு. சௌடையா கூடத்தானே நின்னான், அவன்கிட்டயே கேளுங்க."

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வாசலில் சிப்பங்களை இறக்கிப் போடுகிற சத்தம் கேட்டது. நூல் வந்துவிட்டது. இனி அதை யாரும் திரும்ப எடுத்துப் போக மாட்டார்கள். இப்போது உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண்களின் கை அவள் கழுத்துத் தாலிக்குப் போகும். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? என்னைப் போல ஈனப்பிறவி ஊரிலே உண்டா என்று இருந்தது.

"ஆமா, சொன்னாக" என்றேன்.

அழுகை நின்றது. பாலாமணிச் சின்னம்மா முடியை அள்ளி முடிந்துகொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள்.

மதினி திரும்பவும் குழிக்குள் இறங்கினாள். தறியில் தொங்கிய அறுந்த இழைகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, கொத்துக் கொத்தாக எடுத்து முடிச்சுப் போடத் தொடங்கினாள். "ஒரு சிப்பத்தைப் பிரி சௌடையா. அவுகளுக்கு ஒரு பாவு பூட்டி வைக்கணும். வந்தா சும்மா உக்கார மாட்டாக."

வாசலுக்குப் போய் சிப்பத்தின் முன்னால் உட்கார்ந்தேன். தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நகத்தால் நெம்பிப் பார்த்தும் முடிச்சு அவிழவே இல்லை. உள்ளேயிருந்து அவள், "என்னலே, பிரிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.