பிளானில் இல்லாத பாரம்

அவள் ஒரு கட்டட ஆபீஸில் வரைபடம் வரைபவள். அன்று தலைவலி தாங்காமல் மதியமே கிளம்பி வீட்டுக்கு வந்தாள். வாசல்வரை தூசி. உள்ளே சம்மட்டிச் சத்தம்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் பாதியைக் காணோம். மேஸ்திரி அடுத்த அடிக்கு ஓங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் கணவன், தலையெல்லாம் தூசியில் வெள்ளையாக, இளித்துக்கொண்டு நின்றான்.

"சாயங்காலம் வந்து அசந்துபோவேன்னு பார்த்தா, கெடுத்துட்டியே! சமையலறை இடுக்கா இருக்குன்னு எத்தனை நாள் புலம்பியிருப்ப?"

"மேஸ்திரி, சம்மட்டியக் கீழ வைங்க!"

அவள் குரலைக் கேட்டு அவர் உடனே வைத்துவிட்டார்.

"பிளானைப் பார்த்துட்டுத்தான் இடிக்கச் சொன்னேன்," என்று கணவன் தாளை நீட்டினான். அறை, கதவு, ஜன்னல், அளவு எல்லாம் அதில் இருந்தன. "வெறும் சுவர்தானே?"

"சுவர் எங்க இருக்குன்னுதான் இதுல தெரியும். அது எதைத் தாங்குதுன்னு தெரியாது. ஸ்ட்ரக்சுரல் படம் எங்க?"

பீரோவின் மேல் சுருட்டிக் கிடந்ததை எடுத்துத் தரையில் விரித்தாள். தூண்களும் பீம்களும் மட்டும் காட்டும் படம் அது. நடு பீமின் ஒரு முனைக்குத் தூண் இருந்தது. மறுமுனைக்கு இல்லை. அது இந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அடுத்த தாள், வீட்டை நெட்டுக்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன். பீமுக்கு நேர்மேலே மாடி அறைச் சுவர். அந்த அறையில்தான் மாமனார், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

தலைக்குமேல் 'சட்' என்றது. கூரைப் பூச்சில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது.

கணவனுக்கு முகம் செத்துவிட்டது. "அப்பா..."

"மாடிப்படி தனித் தூண்ல நிக்குது, பயமில்ல. வாங்க!"

"வண்டியில இரும்பு முட்டு இருக்கும்மா," என்று மேஸ்திரி வெளியே ஓடினார்.

"பீமுக்கு அடியில குடுங்க, கீழ பலகை போட்டு. இன்னொரு தடவை சத்தம் கேட்டா விட்டுட்டு வந்துடுங்க!"

மாடியில் மாமனார் கட்டிலைவிட்டு அசைய மறுத்தார். "இருடா, பல்செட்டை எடுத்துக்கறேன்."

"மாமா, உயிர் இருந்தா வேற பல் கட்டிக்கலாம்!"

கணவன் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அவள் மாவுக்கட்டுக் காலை ஏந்திக்கொண்டு பின்புறமாகவே நடந்து படியிறங்கினாள். பாதிப் படியில் மறுபடி 'சட்'. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்று அவளுக்கே தெரியாது.

மேஸ்திரி மட்டும் இன்னும் உள்ளே. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். முட்டின் திருகை இறுக்கும் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வாசற்படியில் தலை தெரிந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"பிடிச்சிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஆபீஸ் இன்ஜினியர் வந்து பார்த்தார். பீமுக்குச் சேதமில்லை, பூச்சுதான் விட்டிருந்தது. "மீதிச் சுவரும் போயிருந்தா நான் வந்து பார்க்க ஒண்ணும் இருந்திருக்காது," என்றார்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான் கணவன், தலையைத் தூக்காமல்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இனிமே என்னை அசத்தணும்னா கடையில ஏதாவது வாங்கிக் குடுங்க."

அந்த இடத்தில் இப்போது புதுத் தூண் நிற்கிறது. இடித்த சுவரையும் திரும்பக் கட்டியாயிற்று; தூண் உள்ளே துருத்தியதில் சமையலறை முன்னைவிட ஒரு சாண் குறுகிவிட்டது. மாமனாரோ, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், தானே ஒற்றைக்காலில் குதித்து இறங்கிவந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.